இடித்துக் கட்டும் குடியிருப்பில் தண்ணீர்: குழாய் வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டியவை

உங்கள் கேள்வி இது: சென்னை கே.கே. நகரில் இரண்டு கிரவுண்டு (4,800 சதுர அடி) மனையில் நிற்கும் பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு தளங்களில் 12 வீடுகள் என்று கட்டப்போகிறீர்கள். தண்ணீர்ச் சிக்கனத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கட்டுநரிடம் கேட்டதற்கு, சென்சார் குழாயும் கைபேசியில் பார்க்கக்கூடிய மீட்டரும் தருகிறோம் என்றாராம். அது போதுமா?

போதாது. சென்சார் குழாய் திரையரங்குக்கும் வணிக வளாகத்துக்கும் சரி. அங்கே குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவருக்கு அது யாருடைய தண்ணீர் என்ற கவலை இல்லை. வீட்டில் அது அவ்வப்போது பேட்டரி மாற்றும் வேலையைத்தான் கொடுக்கும். குழாய் மாட்டுவது கட்டுமானத்தின் கடைசி வாரத்து வேலை. பிடிக்காவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும், குழாய்கள் மேலிருந்து கீழே இறங்க விடும் டக்ட் என்ற இடைவெளிக்குள்ளும் போகும் பைப்பின் பாதை அப்படியல்ல, ஒரே ஒரு முறைதான் தீர்மானிக்க முடியும். இருபத்தைந்து வருடமாகக் கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடுகிறேன். என்னிடம் வருகிற பழைய குடியிருப்புகளில் பாதிக்கு மேல் கேட்பது, இடிக்காமல் செய்ய முடியாத காரியங்களைத்தான். நீங்கள் இடிக்கப்போகிறவர்கள் என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. எந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீரோடு கலக்கக் கூடாது என்பதை வரைபடத்திலேயே பிரித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு. இந்தியத் தரநிலை ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்கிறது. அதன் பங்கீடு: குளிக்க 55, கழிவறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் உங்கள் கட்டடத்தில் 48 பேர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் இரண்டு நாள்கூட முழுதாகத் தாங்காது. வருடத்துக்கு 24 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த 50 வேகன் ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அந்த முழு ரயிலும் உங்கள் 12 வீடுகளின் ஒரு வருடச் செலவுக்குத்தான் சரியாக இருக்கும்.

அந்தப் பங்கீட்டை இன்னொரு முறை பாருங்கள். வாய்க்குள் போகிற தரத்தில் தேவைப்படுவது 135-இல் பத்தே பத்து லிட்டர். மீதி 125 லிட்டருக்கும் அதே குடிநீரைக் கொடுப்பதுதான் நம் கட்டடங்களின் வழக்கம். ஏனென்றால் மொட்டை மாடியில் ஒரே தொட்டி, அதிலிருந்து ஒரே வகைக் குழாய்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது கழிவறைக்குத் தனி இணைப்பு. மேல்நிலைத் தொட்டியை இரண்டாகத் தடுத்து, ஒரு பகுதியிலிருந்து வரும் குழாய் ஃப்ளஷ் டேங்குக்கு மட்டும் போகட்டும். அதில் இன்றைக்கு உப்பு போர்வெல் தண்ணீரை விடலாம். நாளைக்குச் சுத்திகரித்த குளியல் நீரை விட மனம் வந்தால் அதையும் விடலாம். இணைப்பு தனியாக இருந்தால்தான் எதுவும் சாத்தியம். நான்கு தளத்துக்கும் கூடுதலாக ஆகிற பைப்புச் செலவு, ஒரு வீட்டின் மாடுலர் சமையலறைச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு எச்சரிக்கைகள்: இந்தக் குழாய்க்கு வேறு நிறம் பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வருகிற பிளம்பர் இதைச் சமையலறையோடு சேர்த்துவிடுவார். ஹெல்த் ஃபாசெட்டை (கழிவறையில் கழுவிக்கொள்ளும் கைக்குழாய்) இந்த இணைப்பில் மாட்டாதீர்கள், அது உடம்பில் படுகிற தண்ணீர்.

அடுத்தது மீட்டர். கைபேசி மீட்டரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் எத்தனை மீட்டர் என்று கட்டுநரைக் கேளுங்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் மாடியிலிருந்து ஒவ்வொரு டக்ட் வழியாகவும் ஒரு குழாய் இறங்கும்: முன்பக்கக் குளியலறைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. ஒரு வீட்டுக்குள் மூன்று நான்கு இடத்தில் தண்ணீர் நுழையும். அங்கே மீட்டர் போடுவதென்றால் வீட்டுக்கு நான்கு மீட்டர், 12 வீட்டுக்கு 48. பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் தோற்றுவிடும். புதுக் கட்டடத்தில் படிக்கட்டுப் பக்கமாக நல்ல தண்ணீருக்கு ஒன்று, ஃப்ளஷுக்கு ஒன்று என்று இரண்டே தண்டுக்குழாய் இறங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் அருகே நல்ல தண்ணீருக்கு ஒரே நுழைவு, ஃப்ளஷுக்கு ஒன்று என்று பிரியட்டும். ஒவ்வொரு நுழைவிலும் ஒரு வால்வு, ஒரு மீட்டர். சாதாரண முள் மீட்டரே போதும். மாதத்துக்கு ஒரு முறை வாட்ச்மேன் படித்து எழுதிக்கொள்வார்.

இதன் பலன் பணக் கணக்கோடு நிற்பதில்லை. நான் குடியிருக்கும் கட்டடத்தில் பராமரிப்புத் தொகை சதுர அடிக் கணக்குதான். 2019-இல் லாரிக்கு மாதாமாதம் கொட்டிக் கொடுத்தபோது, இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டின. கோபம் எல்லோருக்கும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஓர் ஆளில்லா வீட்டில், வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன குளியலறையில், ஃப்ளஷ் டேங்க் வாஷர் தேய்ந்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மீட்டர் இருந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். (இதைச் சோதிக்க எளிய வழி: ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பீங்கானில் மஞ்சள் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது.)

ஃப்ளஷ் டேங்கில் பழையவை ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். ஒருவர் ஐந்து முறை அழுத்தினால் 50 லிட்டர். தரநிலையின் 30-ஐ அதுவே தாண்டிவிடுகிறது. 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதில் அதே ஐந்து முறைக்கு, ஒரு முறை பெரியது, நான்கு முறை சிறியது என்றால், 18 லிட்டர். ஒன்றைக் கவனியுங்கள்: குறைந்த நீருக்கென்றே வடிவமைத்த பீங்கானும் கூடவே வர வேண்டும். பழைய வகைக் கோப்பைக்குச் சிறிய டேங்கை மாட்டினால் இரண்டு முறை அழுத்துவார்கள், சிக்கனம் போய்விடும். நம் பாட்டிமார் ஒரு சின்ன வாளித் தண்ணீரில் முடித்த காரியம் இது என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். உண்மைதான், அவரிடம் வாதாடாதீர்கள்.

இப்போது கட்டுநர்கள் யாரும் பேசாத ஒன்று: அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது பிளம்பர்கள் கணக்கு. மாடித் தொட்டியை இரண்டு மீட்டர் மேடையில் வைத்தால், நான்காம் தளத்து ஷவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று மீட்டர் உயர அழுத்தம். முதல் தளத்துக்கு அதற்குக் கீழே இன்னும் மூன்று தளம், ஆகப் பன்னிரண்டு மீட்டர். அழுத்தம் நான்கு மடங்கானால், அதே குழாயில் ஓட்டம் இரண்டு மடங்காகும். முதல் தளத்துக்காரர் நல்லவராகவே இருக்கலாம், கை கழுவுவதற்கு அவர் வீட்டுக் குழாய் இரட்டிப்பாகக் கொட்டும். நான்காம் தளத்துக்காரர் ஷவர் சொட்டுகிறது என்று புகார் சொல்வார். அவருக்காகக் கட்டடம் முழுவதற்கும் பிரஷர் பம்பு போடுவார்கள். உடனே முதல் தளத்தில் அருவி கொட்டும். சரியான வழி, மேல் இரண்டு தளத்துக்கு மட்டும் சிறிய பம்பு, கீழ் இரண்டு தளத்துக்குப் புவியீர்ப்பு, அந்த வீடுகளின் நுழைவில் அழுத்தம் குறைக்கும் வால்வு. அதன் பிறகு குழாய் முனையில் காற்றுக் கலக்கும் சல்லடை. சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் விடும் இடத்தில் இது 3 முதல் 5 லிட்டரில் கை கழுவ வைக்கும். துணி நனைக்க வாளி நிரப்பும் குழாயில் மட்டும் இதை மாட்டாதீர்கள். வாளிக்கு எப்படியும் ஒரு வாளித் தண்ணீர்தான் வேண்டும், நேரம்தான் வீணாகும்.

சென்னைக்கே உரிய ஒரு வீணடிப்பு இருக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்கள் வெந்நீர் வரும் வரை ஓடி வீணாகும் தண்ணீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு நேர்மாறு. மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூடு. குளிர்ந்து வரட்டும் என்று ஐந்து நிமிடம் திறந்தே விடுகிறோம். குளிர்ந்து வராது, ஏனென்றால் தொட்டி முழுவதும் கொதிக்கிறது. தீர்வு வரைபடத்தில்தான் இருக்கிறது: கறுப்புத் தொட்டியை வெயிலில் நிறுத்தாமல் கான்கிரீட் தொட்டி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு அல்லது சோலார் தகடுகளின் நிழல். அதைவிட முக்கியம், மொட்டை மாடித் தரையில் வெயிலில் நெளிந்து கிடக்கும் பைப்புகளே இருக்கக் கூடாது. தொட்டியிலிருந்து நேராக டக்டுக்குள் இறங்கட்டும்.

குளியல் நீருக்கு வருகிறேன். 48 பேர் குளித்து விடுவது 2,640 லிட்டர். 48 பேரின் கழிவறைத் தேவை 1,440 லிட்டர். காகிதத்தில் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது, குளியல் நீரையே ஃப்ளஷுக்குத் திருப்பிவிடலாம். நடைமுறையில் 12 வீட்டுக் கட்டடத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. சோப்பும் தலைமுடியும் கலந்த நீர் ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் நாறும். வடிகட்டியைக் கழுவ ஆள் வேண்டும். இரண்டாம் வருடம் செயலாளர் மாறியதும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் பெரிய வளாகங்களில் சுத்திகரிப்பு நிலையமும், அதை நடத்தச் சம்பள ஆளும் இருப்பார்கள், அங்கே அது சரி. உங்களுக்கு ஏற்றது எளியது: குளியலறைத் தரை நீரையும் வாஷிங் மெஷின் நீரையும் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனிக் குழாயில் இறக்கி, பக்கவாட்டுச் சுவரோரம் ஜல்லியும் மணலும் நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு, அதில் விடுங்கள். கல்வாழை சோப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும். தோட்டத்துக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. பாத்தி நிரம்பினால் மிச்சம் சாக்கடைக்குப் போக ஒரு வழியும் வையுங்கள். சமையலறை சிங்க் நீர் இதில் வேண்டாம். எண்ணெய்ப் பசை இரண்டே மாதத்தில் பாத்தியை அடைத்துவிடும்.

மழைநீர் விஷயத்தில் உங்களிடம் ஒரு பாவ மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கெடு நெருங்க நெருங்க எங்கள் அலுவலகத்தில் திருவிழாக் கூட்டம். ஒரே வரைபடத்தை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம்: மூன்றடிக் குழி, அதில் உடைந்த செங்கல், மேலே மணல். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் அது அற்புதமாக வேலை செய்தது. அதே குழியைக் களிமண் பகுதியில் போட்ட இடங்களில் கொசுதான் வளர்ந்தது. வேளச்சேரி, கிண்டிப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இந்த நகரத்துக்கு ஒரே குழி என்பது தப்பு என்று தெரிந்தும் செய்தோம்.

உங்கள் பகுதி பெரும்பாலும் களிமண். அடித்தளத்துக்குத் தோண்டும்போது எத்தனை அடியில் களி முடிந்து மணல் வருகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். மண் பரிசோதனை அறிக்கையிலும் அது இருக்கும். அந்தக் களியைத் துளைத்து மணல் வரைக்கும் இறங்கும் உறைக்கிணறுதான் வேண்டும். மூன்றடி அகல சிமென்ட் உறைகள், துளையிட்ட மூடி, உள்ளே எதையும் நிரப்பாமல் காலியாக. காலியாக இருந்தால்தான் வருடா வருடம் ஆள் இறங்கித் தூர் வார முடியும்.

அதைவிட நல்லது ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். பழைய கட்டடத்தின் பின்பக்கம் கிணறு இருந்தால், தயவுசெய்து மூட விடாதீர்கள். இடித்துக் கட்டும் இடங்களில் முதலில் பலியாவது அதுதான், ஒரு கார் நிறுத்த இடம் கிடைக்கிறதே. கிணற்றின் மேல் கனமான கான்கிரீட் மூடி போட்டு அதன் மேலேயே காரை நிறுத்தலாம். ஆள் இறங்க ஒரு வாய், மழைநீர் விழ ஒரு குழாய் இருந்தால் போதும். புதிதாக அவ்வளவு பெரிய கிணறு தோண்ட இன்றைக்கு ஆளும் கிடைக்காது, இடமும் கிடைக்காது.

எவ்வளவு மழை கிடைக்கும்? சென்னைக்கு வருடத்தில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். உங்கள் மொட்டை மாடி ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், சிந்தியது சிதறியது போக வருடத்துக்கு இரண்டரை லட்சம் லிட்டர். பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் உங்கள் கட்டடத்துக்கு அது முப்பத்தெட்டு நாள் செலவு. மழைநீரை வைத்தே வருடம் முழுவதும் ஓட்டலாம் என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அதற்காக விட்டுவிடவும் கூடாது. நம் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் மாடியிலிருந்து சுமார் 9,000 லிட்டர் இறங்கும். எனவே 10,000 லிட்டருக்கு மழைநீருக்கென்றே தனி சம்ப் (தரைக்குக் கீழே கட்டும் தொட்டி), அது நிரம்பியதும் கிணற்றுக்கு வழியும் குழாய். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு வால்வு, நடுவில் ஒரு வடிகட்டி. செப்டம்பர் கடைசியில் மாடியைப் பெருக்கிக் கழுவும் பொறுப்பு யாருக்கு என்று இப்போதே சங்க விதியில் எழுதிவிடுங்கள். மாடி மழைநீரைச் சாக்கடை இணைப்பில் விடுவது மட்டும் எந்தக் காரணத்தாலும் வேண்டாம். பெருமழையன்று தெருவில் ஆள்நுழைவுக் குழி பொங்குவதற்கு இப்படிப்பட்ட வீடுகளும் ஒரு காரணம்.

சம்ப் என்றதும் வாஸ்துக்காரர் ஈசானிய மூலை என்பார். அதில் நான் சண்டை போடுவதில்லை, சாக்கடைத் தொட்டியிலிருந்து தள்ளி இருந்தால் சரி. ஆனால் வாய் மட்டும் இன்றைய சாலை மட்டத்திலிருந்து இரண்டடியாவது மேலே இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் வெள்ளமும் சாக்கடையும் சம்புக்குள் புகுந்து, தண்ணீருக்கு நடுவே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலையும் உயர்ந்துகொண்டே போகும். குடிநீர் வாரியம் குழாயில் தரும் மெட்ரோ தண்ணீருக்கும் லாரி, போர்வெல் தண்ணீருக்கும் சம்பில் தனித்தனி அறை இருக்கட்டும். கலந்துவிட்டால் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீராகி, எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிடும், ஒரு லிட்டர் குடிநீருக்கு அது இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். சமையலறைக்கு மெட்ரோ தண்ணீரைக் கலப்பின்றிக் கொண்டுபோக முடிந்தால் பலருக்கு அந்த இயந்திரமே வேண்டியிருக்காது. ஆர்.ஓ. வைத்தே தீருவோம் என்பவர்களுக்கு, அதன் கழிவுக் குழாய் துணி துவைக்கும் இடத்து வாளிக்கு எட்டும்படி இடம் ஒதுக்குங்கள். வீடு துடைக்க அது போதும்.

ஏ.சி. தண்ணீர் சின்ன விஷயம்தான். நம் புழுக்கத்தில் ஒரு படுக்கையறை ஏ.சி. ஓர் இரவில் அரை வாளியிலிருந்து ஒரு வாளி வரை சொட்டும். வெளிச்சுவரில் ஒரு பொதுக் குழாய் விட்டு, வண்டி நிறுத்தத்தில் ஒரு டிரம்மில் சேருங்கள். கார் துடைக்க ஆகும். சுவரில் பாசி படிவதும் நிற்கும். குடிக்க மட்டும் வேண்டாம்.

மோட்டாருக்குத் தானாக நிற்கும் மிதவை சுவிட்ச் எல்லோரும் போடுகிறார்கள், அது ஒரு நாள் பழுதாகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மாடித் தொட்டியின் வழிகுழாயை மொட்டை மாடியில் விடாமல், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில், சத்தம் கேட்கிற மாதிரி கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். தொட்டி வழிந்தால் அவர் செருப்பு நனையும், மோட்டாரை நிறுத்திவிடுவார். நீங்கள் கேட்டீர்களே ஸ்மார்ட் ஏற்பாடு, எனக்குத் தெரிந்து பழுதே ஆகாதது இதுதான்.

கட்டுநரிடம் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், மேலே சொன்ன இணைப்புகள் அனைத்தும் வரைந்த குழாய் வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ‘தரமான பிளம்பிங் வேலை’ என்று ஒரு வரியில் முடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பூச்சு வேலைக்கு முதல் நாள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா பிடித்து, பைப் தெரியும்படி படம் எடுத்து, வீட்டு எண் போட்டுச் சேமித்து வையுங்கள். பின்னாளில் யாராவது படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அது தேவைப்படும்.